பெசோவார்: நச்சுமுறியாய்ப் பிறந்து நோயாய் வளர்ந்த சொல்

இரைப்பையிலோ குடலிலோ செரிக்காமல் தங்கி, ஒன்றோடொன்று பின்னி இறுகி உருண்டையாகிவிட்ட பொருளை மருத்துவர்கள் ‘பெசோவார்’ என்கிறார்கள். அப்பச்சோடா இதைக் கரைக்கும் என்றும், அதுவே இதை உண்டாக்கும் என்றும் பேச்சு உண்டு; அதைப் பார்க்குமுன் சொல்லைப் பார்ப்போம். இன்று நோயைக் குறிக்கும் இச்சொல் பிறந்தபோது மருந்தையே குறித்தது. பாரசீகத்தில் ‘பாத்’ என்பது காப்பது, ‘ஸஹ்ர்’ என்பது நஞ்சு. இரண்டும் கூடிய ‘பாத்ஸஹ்ர்’ நம்முடைய ‘நச்சுமுறி’ என்ற சொல்லுக்கு நேரானது. காட்டாடு முதலிய அசைபோடும் விலங்குகளின் வயிற்றில் கிடைத்த வழவழப்பான உருண்டைகள் எந்த நஞ்சையும் முறிக்கும் என்று நம்பப்பட்டதால், அப்பெயர் அரபு வழியாக ஐரோப்பாவுக்குச் சென்றது. போர்த்துக்கேயரின் காலத்தில் இவற்றுக்குக் கிராக்கி மிகுந்திருந்தது. அசல் போதாமல், கோவாவிலிருந்த இயேசு சபையார் ‘கோவாக் கல்’ என்ற போலியையும் செய்தனர். நம்பிக்கை பொய் என்பதை அம்புருவாஸ் பரே என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர் 1567இலேயே காட்டிவிட்டார்: வெள்ளிப் பாத்திரம் திருடித் தூக்குக்குக் காத்திருந்த சமையற்காரன், நஞ்சோடு பெசோவாரையும் விழுங்கச் சம்மதித்து, சில மணி நேரத்தில் துடித்து இறந்தான்.

தமிழில் இதற்குக் ‘கோரோசனை’ என்று எழுதுவோர் உண்டு. அது பொருந்தாது. கோரோசனை மாட்டின் பித்தப்பையில் விளைவது. ‘கோ’ பசு, ‘ரோசனை’ ஒளிரும் மஞ்சள் நிறம் என்ற வடமொழிப் பெயரே அதைச் சொல்லிவிடுகிறது. ‘இரைப்பைக் கல்’ என்றால் கனிமக் கல்லென்று மயக்கம் வரும். ‘கட்டி’ என்றாலோ நோயாளி புற்றுநோயென்று அஞ்சுவார். என் தெரிவு ‘திரளை’. குழைத்துக் கையில் உருட்டித் தரும் சோற்றுத் திரளையை அறிந்தவருக்கு ‘இரைப்பைத் திரளை’ விளக்கமின்றியே விளங்கும். தாவர நாரால் ஆனது நார்த்திரளை, விழுங்கிய தலைமயிரால் ஆனது மயிர்த்திரளை, மாத்திரைகளால் ஆனது மருந்துத் திரளை, பச்சைக் குழந்தையின் வயிற்றில் பால் உறைந்து ஆவது பாற்றிரளை என்று கிளைப்பெயர்களும் இயல்பாக அமைகின்றன.

நார்த்திரளைகளுள் மிகக் கடினமானது பேர்சிமன் பழத்தால் வருவது. அப்பழம் நமக்குப் பழக்கமில்லாதது. ஆனால் அதன் இனம் நம் மண்ணில் உண்டு. கருங்காலியும் பனிச்சையும் அதே பேரினத்து மரங்கள். இலங்கையின் மட்டக்களப்பில் வாகரைப் பக்கத்துப் பனிச்சங்கேணி என்ற ஊர்ப்பெயரில் இருப்பதும் அந்தப் பனிச்சைதான். மீன்பிடி வலை உக்காமல் இருக்கப் பனிச்சங்காய்ச் சாறு ஊட்டிய பழைய வழக்கத்தை நினைத்தால் திரளை உருவாகும் விதமும் புரியும். வலையைக் காத்த அதே துவர்ப்புப் பொருளான தனின், இரைப்பை அமிலத்தில் புரதத்தோடும் நாரோடும் பிணைந்து பசைபோல் இறுகுகிறது.

இப்படி இறுகிய திரளையைக் கரைக்கும் முயற்சியில்தான் அப்பச்சோடா வருகிறது. அப்ப மாவுக்கு இடுவதால் அந்தப் பெயர் பெற்ற இந்தப் பொருளைப் பாடநூல்கள் சோடியம் இருகாபனேற்று என்னும். (பேக்கிங் பவுடர் வேறு, அதில் சோடாவோடு அமிலப் பொருளும் கலந்திருக்கும்.) சோடாக் கரைசல் சளியை இளக்கும், எழும் வாயுக்குமிழிகள் திரளையின் மேற்பரப்பைத் துளைக்கும் என்ற எண்ணத்தில், அதை இரைப்பையைக் கழுவப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆயினும் இன்று அதிகம் பேசப்படுவது கொக்கா கோலா. 2002இல் ஏதென்சு மருத்துவர்கள் மூக்குவழிக் குழாயால் 3 லீற்றர் செலுத்தி நார்த்திரளைகளைக் கரைத்ததாக எழுதினர்; பின்னர் தொகுத்துப் பார்த்தபோது அது தனித்து ஏறத்தாழப் பாதிப் பேருக்கே போதுமானதாயிற்று, மற்றவர்களுக்கு அகநோக்கியால் (உள்ளே செலுத்திப் பார்க்கும் குழாய்க் கருவியால்) உடைக்கவும் சிலருக்கு அறுவை செய்யவும் வேண்டியிருந்தது. கோலா அமிலம், சோடா காரம். இரண்டையும் ஒரே காரியத்துக்குச் சொல்வது விந்தைதான், ஆனால் குமிழி இரண்டுக்கும் பொது.

அப்பச்சோடாவே திரளையை உண்டாக்கும் என்ற பேச்சைப் பகுத்துப் பார்க்க வேண்டும். அது நீரில் கரைவது. தானே உறைந்து உருண்டையாகாது. இரைப்பை அமிலம் குறைந்திருப்பதும், உணவு மெதுவாக இறங்குவதும், இரைப்பையின் பகுதியை வெட்டியெடுத்திருப்பதும் திரளை தோன்ற இடமளிக்கும் நிலைகள் என்பது உண்மை. அவற்றுள் அமிலக் குறைவோடு மட்டுமே சோடாவைத் தொடர்புபடுத்தலாம், அதுவும் அதன் விளைவு சிறிது நேரமே நிற்பது. உறைந்து திரளையான அமிலமுறிகள் (வயிற்று அமிலத்தைத் தணிக்கும் மருந்துகள்) என்று பதிவாகியிருப்பவை அலுமினியம் ஐதரொட்சைட்டுக் கூழ் போன்றவை.

சோடாவால் வரும் நேரடி ஆபத்து வேறு. ஒரு தேக்கரண்டி, அதாவது ஏறத்தாழ 5 கிராம், முழுவதும் அமிலத்தோடு சேர்ந்தால் ஒரு லீற்றருக்கு மேல் காபனீரொட்சைட்டு எழும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் பொருமலுக்குச் சோடா குடித்தவர்களின் இரைப்பை கிழிந்த நிகழ்வுகள், அரிதாயினும், மருத்துவ இதழ்களில் உண்டு. அந்த 5 கிராமில் சோடியம் மட்டும் 1.4 கிராமுக்குச் சற்றுக் குறைவு. உலக சுகாதார தாபனம் வளர்ந்தவருக்கு நாள் முழுவதற்கும் கூறும் மேல்வரம்போ 2 கிராம். திரளை இருப்பவர் வீட்டில் தானாகவே கரைக்க முயன்றால், உடைந்த துண்டு சிறுகுடலில் இறங்கி அடைத்துக்கொள்ளவும் கூடும். மயிர்த்திரளைக்கோ கோலாவும் பயனில்லை, சோடாவும் பயனில்லை; மயிர் இவற்றில் கரையாது, பெரிதாகிவிட்டால் வயிற்றைத் திறந்துதான் எடுக்கிறார்கள்.