2.4 போதுமென்றால் மாத்திரையில் ஏன் 1000?

வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: "முழுக்கத் தாவர உணவுக்கு மாறி ஒன்றரை வருடம் ஆகிறது. வைட்டமின் பி12 மட்டும் தனியாக எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒரு நாளைக்கு 2.4 மைக்ரோகிராம் போதும் என்று படித்தேன். வாங்கிய மாத்திரையிலோ 1000 மைக்ரோகிராம்! நானூறு மடங்குக்கு மேல் எதற்கு? ஏமாற்றுகிறார்களா?"

அட்டையைத் திருப்பிப் படித்து, வகுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறார். இப்படிக் கேட்பவர்களுக்கு அரை வரியில் பதில் சொல்ல எனக்கு மனம் வராது. ஏமாற்று எதுவும் இல்லை. ஏன் இல்லை என்று புரிய, வாயில் தொடங்கிச் சிறுகுடலின் கடைசி முனை வரை போய்வர வேண்டும்.

தாவர உணவின் நன்மைகள் பலருக்கும் தெரிந்தவையே. நார்ச்சத்து கூடுகிறது, நிறைவுற்ற கொழுப்பு குறைகிறது, அதனால் எல்டிஎல் என்ற 'கெட்ட' கொலஸ்ட்ரால் இறங்குகிறது. பதப்படுத்திய இறைச்சி மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் அறிவித்தது. பாக்கெட்டின் மேல் 'தாவர உணவு' என்று அச்சிட்டிருப்பதாலேயே உள்ளிருக்கும் உப்பும் சர்க்கரையும் குறைந்துவிடாது என்பதை மட்டும் மறக்கக் கூடாது. பயறு, கொட்டை, முழுத்தானியம், காய், பழம் என்று சாப்பிடுகிறவருக்கு இந்த உணவு நல்லது செய்யும். ஆனால் அதில் ஒரு ஓட்டை உண்டு. அதுதான் பி12.

இந்த வைட்டமினைச் செய்யத் தெரிந்த செடி உலகத்தில் இல்லை. விலங்கும் இல்லை. பாக்டீரியாக்களும் ஆர்க்கியா என்ற நுண்ணுயிர்களும் மட்டுமே அதைச் செய்கின்றன. நமக்கு இது மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தை உருவாக்கும் வேலைக்குத் தேவை. செடிகள் அதே வேலையை பி12 தேவைப்படாத வேறொரு நொதியை வைத்து முடித்துக்கொள்கின்றன. தமக்குத் தேவையில்லாததை அவை சேர்த்துவைப்பதும் இல்லை. மாட்டின் இறைச்சியிலும் பாலிலும் பி12 இருக்கிறதே என்றால், அதன் முதல் வயிற்றில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் செய்து கொடுத்தது அது. மூலக்கூறின் நடுவில் கோபால்ட் அணு ஒன்று உட்கார்ந்திருப்பதால், அந்தப் பாக்டீரியாக்களுக்குப் புல்லிலிருந்து துளி கோபால்ட் வந்தாக வேண்டும். மண்ணில் கோபால்ட் இல்லாத ஆஸ்திரேலிய மேய்ச்சல் நிலங்களில், வயிறு நிறையப் புல் மேய்ந்த ஆடுகளே மெலிந்து செத்தன. காரணம் 1930களில்தான் தெரிந்தது.

நம் பெருங்குடலிலும் பி12 செய்யும் பாக்டீரியாக்கள் உண்டு. ஆனால் அதை உறிஞ்சும் வாசல் சிறுகுடலில், அதாவது மேலே இருக்கிறது. கீழே உற்பத்தியாகும் சரக்கு மேலே ஏறி வர வழியில்லை.

இதைக் கேட்டதும் சிலர், "காயைக் கழுவாமல் சாப்பிடுங்கள், மண்ணில் பி12 இருக்கிறது" என்பார்கள். இன்னும் சிலர் ஸ்பைருலினா என்ற நீலப்பச்சைப் பாசியைக் காட்டுவார்கள். மண்ணோடு வரும் அளவை நம்ப முடியாது, ஆனால் கிருமி நிச்சயம் வரும். ஸ்பைருலினாவில் இருப்பது பெரும்பாலும் போலி பி12. உருவம் ஒன்றுபோல இருந்தாலும் மனித உடலில் அது வேலை செய்யாது. இயற்கையில் எல்லாம் இருக்கிறது என்ற நம்பிக்கையை மட்டும் பிடித்துக்கொண்டு, நரம்பு கெட்ட பிறகு மருத்துவரிடம் போகிறவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இனி அந்தப் பயணம். எனக்கு உடலியலிலேயே மிகவும் பிடித்த கதை இது.

பொடியுப்பின் ஒரு துகள் ஏறக்குறைய 60 மைக்ரோகிராம் எடை இருக்கும். அதை இருபத்தைந்தாக உடைத்தால் ஒரு பங்குதான் நம் ஒருநாள் தேவை. எண்பது வருட வாழ்க்கைக்கும் சேர்த்து 70 மில்லிகிராம்தான். இவ்வளவு சிறிய பொருள், ஆறு மீட்டர் நீளக் குழாயில், அமிலத்தையும் நொதிகளையும் தாண்டித் தொலையாமல் போய்ச் சேர வேண்டும். அதனால் உடல் அதைத் தனியே விடுவதே இல்லை. கைமாற்றிக் கைமாற்றிக் கூட்டிக்கொண்டு போகிறது.

உமிழ்நீரிலேயே முதல் துணை தயாராக இருக்கிறது. ஹாப்டோகாரின் என்ற புரதம் அது. இரைப்பையின் அமிலம் உணவுப் புரதத்திலிருந்து பி12ஐப் பிரித்ததும், ஹாப்டோகாரின் அதைக் கவ்விக்கொள்கிறது. அமிலத்திலிருந்து அதற்குக் காப்பும் கிடைக்கிறது. அதே இரைப்பையில், அமிலம் சுரக்கும் அதே செல்கள் இரண்டாவது துணையையும் சுரக்கின்றன. அதன் பெயர் இன்ட்ரின்சிக் ஃபேக்டர். உள்காரணி என்று வைத்துக்கொள்வோம். அமிலம் இருக்கும் வரை உள்காரணிக்கு பி12 கிடைக்காது, பிடி ஹாப்டோகாரினிடமே இருக்கும். இருவரும் சிறுகுடலுக்குள் நுழைகிறார்கள். கணைய நொதிகள் அங்கே ஹாப்டோகாரினைத் துண்டு துண்டாக வெட்டிவிடுகின்றன. உள்காரணியை அந்த நொதிகளால் எளிதில் வெட்ட முடியாது. முதல் காவலன் விழுந்த இடத்திலேயே இரண்டாமவன் பொருளை வாங்கிக்கொள்கிறான்!

அப்புறம் நீண்ட நடை. வழியில் எந்தச் சுவரும் இந்த ஜோடிக்குத் திறக்காது. சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான் அதற்கான ஏற்பிகள் இருக்கின்றன. அவை பி12ஐத் தனியாகப் பார்த்தால் கண்டுகொள்வதில்லை. உள்காரணியோடு சேர்ந்து வந்தால் மட்டும் இரண்டையும் செல்லுக்குள் இழுக்கின்றன. உள்ளே உள்காரணி சிதைக்கப்படுகிறது. பி12 மூன்றாவது புரதம் ஒன்றின் மேல் ஏறி ரத்தத்துக்குள் போகிறது. சாப்பிட்டு மூன்று, நான்கு மணி நேரம் ஆகியிருக்கும்.

உள்காரணி என்று ஒன்று இருப்பதை பாஸ்டனில் வில்லியம் காஸில் என்ற மருத்துவர் 1920களின் இறுதியில் கண்டுபிடித்தார். உள்காரணி சுரக்காமல் பி12 உள்ளே போகாததால் வருவது கொடிய ரத்தசோகை. அந்த நோயாளிகளுக்கு வெறும் மாட்டிறைச்சி கொடுத்தார், பலனில்லை. உடல்நலமுள்ள ஒருவரின் வயிற்றில் சிறிது நேரம் கிடந்த இறைச்சியை வெளியே எடுத்துக் குழாய் வழியாகக் கொடுத்தார். புதிய ரத்தச் செல்கள் பெருகின. அருவருப்பாக இருக்கலாம், ஆனால் எவ்வளவு தெளிவான சோதனை! பின்னால் 1948இல் பி12 சிவப்புப் படிகமாகக் கையில் கிடைத்தது. டோரதி ஹாட்ஜ்கின் என்ற வேதியியலாளர் எக்ஸ் கதிர்களால் அதன் அமைப்பை அவிழ்க்க ஏறத்தாழ எட்டு வருடம் பிடித்தது. மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போன கைகளோடு அதைச் செய்தார். 1964இல் நோபல் பரிசு பெற்றார். மூன்று வருடத்தில் பயன் காட்டு என்று கேட்கும் நிதிக் குழுக்களிடம் இந்த இரண்டு வேலைகளும் தப்பியிருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான். எப்போது பலன் வரும் என்று கேட்காத பணமும் அறிவியலுக்கு வேண்டும்.

பற்றாக்குறை உடனே தெரியாது. கல்லீரலில் சில மில்லிகிராம் சேமிப்பு இருக்கும். அது தீர வருடங்கள் ஆகும். தீர்ந்த பிறகு நரம்பைச் சுற்றியுள்ள மையலின் உறை பழுதாகிறது. பாதத்தில் ஊசி குத்துவதுபோல் இருக்கும், நடை தள்ளாடும். கீரை நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு கூடுதல் ஆபத்து உண்டு. அதிலுள்ள ஃபோலேட் என்ற வைட்டமின், பி12 குறைவால் வரும் ரத்தசோகையைத் தெரியாமல் மறைத்துவிடும். ரத்த எண்ணிக்கை சரியாக இருக்க, நரம்பு கெட்டுக்கொண்டே போகும்.

இப்போது அந்த 1000. கடைசி வாசலின் ஏற்பிகள் ஒரு வேளைக்கு ஏறத்தாழ 1.5 முதல் 2 மைக்ரோகிராம் வரைதான் எடுத்துக்கொள்ளும். அதற்குமேல் எவ்வளவு விழுங்கினாலும், சில மணி நேரம் கழியாமல் அவை திரும்பத் தயாராவதில்லை. பி12 செறிவூட்டிய தாவரப் பாலையோ தானியத்தையோ நாளில் இரண்டு, மூன்று முறை பிரித்துச் சாப்பிட்டால் சிறிய அளவே போதுமாக இருப்பது இதனால்தான். ஒரே மாத்திரையாகப் போட்டால் வேறு வழியை நம்ப வேண்டும். துணை எதுவும் இல்லாமல், குடல் சுவர் வழியாகத் தானாகக் கசிந்து உள்ளே போவது சுமார் நூற்றில் ஒரு பங்கு. 1000 மைக்ரோகிராமில் நூற்றில் ஒரு பங்கு என்றால் 10 மைக்ரோகிராம். வாசலில் கிடைத்த இரண்டையும் சேர்த்தால் 12. உள்காரணியே சுரக்காத நோயாளிகளுக்கும் இந்த அளவு மாத்திரை பலன் தருவது அந்தக் கசிவால்தான்.

மீதி 988 மைக்ரோகிராம் பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே இருக்கும் பாக்டீரியாக்களில் பல, பி12 இல்லாமல் வாழ முடியாதவை, ஆனால் அதைச் செய்யத் தெரியாதவை. தொழிற்சாலைத் தொட்டியில் வேறு பாக்டீரியாக்கள் செய்து மாத்திரையாக வந்ததிலிருந்து அவை தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கின்றன.