தட்டைச் சாலையும் மரத்துப்போன சுண்டுவிரலும்

கழுத்து வலி என்றுதான் ஒருவர் வந்தார். கழுத்தைப் பார்த்து, தோளைப் பார்த்து, பயிற்சிகளைச் சொல்லிக்கொடுத்து அனுப்பும்போது, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அப்புறம் தங்கச்சி, இன்னொரு சின்ன விஷயம்" என்றார். வாசலில் நின்று சொல்லும் சின்ன விஷயம் பெரும்பாலும் சின்னதாக இருப்பதில்லை. பிசியோதெரபிஸ்ட் வேலையில் இத்தனை வருஷம் இருந்து நான் கற்றதில் அதுவும் ஒன்று. வீட்டுக் கேட்டில் சாவியைத் திருப்பக் கஷ்டமாக இருக்கிறதாம். வலக்கைச் சுண்டுவிரல் இரண்டு மாதமாக மரத்தே கிடக்கிறதாம். "சைக்கிள் ஓட்டுற எல்லாருக்கும் வர்றதுதானே?"

திரும்ப உட்காரச் சொன்னேன். ஒரு தாளைக் கொடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் நடுவே இறுக்கிப் பிடிக்கச் சொல்லி, மறுமுனையை இழுத்தேன். இடக்கையில் தாள் கிழிந்ததே தவிர நழுவவில்லை. வலக்கையில் கட்டைவிரலின் நுனி மூட்டு கொக்கி மாதிரி வளைந்தது. தாள் வழுக்கிக்கொண்டு என் கைக்கு வந்துவிட்டது. அவர் தன் விரலையே வேறு யாருடையதையோ பார்ப்பதுபோலப் பார்த்தார்.

மரப்பு என்பது உணர்வு சம்பந்தப்பட்டது. தாள் நழுவுவது தசை பலம் குறைந்ததன் அடையாளம். கட்டைவிரலை உள்ளங்கைப் பக்கம் இழுத்துப் பிடிக்கும் தசைக்கு நரம்பின் கட்டளை சரியாகப் போய்ச் சேரவில்லை. அதனால் விரல் நுனியை மடக்கும் வேறொரு தசை உதவிக்கு வருகிறது. சாவி திருப்புவது, சட்டைப் பொத்தான் போடுவது எல்லாம் பலம் குறைந்துபோன அந்த முதல் தசையை நம்பித்தான் இருக்கின்றன.

முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் 'சுர்ர்' என்று ஷாக் அடிக்குமே, அதே நரம்புதான். பெயர் அல்நார் நரம்பு. மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கம், இரண்டு சின்ன எலும்புகளுக்கு நடுவே ஒரு சந்து வழியாக அது உள்ளங்கைக்குள் நுழைகிறது. 1861இல் பிரெஞ்சு மருத்துவர் பெலிக்ஸ் கயோன் விவரித்ததால் அந்தச் சந்துக்கு அவர் பெயர். ரோடு பைக் எனும் வேகச் சைக்கிளின் தாழ்ந்த கைப்பிடியில் சாய்ந்து ஓட்டும்போது உடம்பின் பாரம் சரியாக அந்த இடத்தில் போய் உட்காருகிறது.

எல்லா மரப்பும் இது இல்லை. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்தால் அது மணிக்கட்டின் நடுவே ஓடும் வேறொரு நரம்பின் கதை. சுண்டுவிரல் பக்கத்துப் புறங்கையும் சேர்ந்து மரத்தால் முழங்கையையோ கழுத்தையோ சந்தேகப்படுவேன், ஏனென்றால் புறங்கைக்குப் போகும் கிளை மணிக்கட்டுக்கு முன்பே பிரிந்துவிடுகிறது. இவருக்குப் புறங்கையில் பஞ்சால் தொட்டால்கூடத் தெரிந்தது. இன்னொன்று: மரப்பு திடீரென்று ஒரு பக்கமாக வந்து, வாய் கோணினாலோ பேச்சு குழறினாலோ சைக்கிளைப் பற்றி யோசிக்க வேண்டாம், உடனே இங்கே சிங்கப்பூரில் ஆம்புலன்ஸ் எண்ணான 995ஐ அழையுங்கள்.

சரி, எங்கே ஓட்டுகிறார்? ஞாயிறுதோறும் விடியுமுன் கிளம்பி, லிம் சூ காங் சாலையின் கடைசி வரை. அங்கிருந்து நியோ தியூ சாலை, கிராஞ்சி. கால் கேட்டால் இன்னொரு சுற்று. "மேடே கிடையாது, வண்டியும் ரொம்ப வராது, சும்மா மிதந்துட்டுப் போகலாம்" என்றார்.

நானும் அங்கே ஓட்டுகிறவள்தான். பண்ணை வாசனையும் ஈரக் காற்றும், சுங்கை பூலோ சதுப்புநிலப் பக்கம் திரும்பினால் கொக்குகளும் என்று இந்தத் தீவில் அப்படியொரு இடம் மிச்சமிருப்பதே பெரிய விஷயம். அந்தப் பக்கம் எவ்வளவு தட்டை என்றால், லிம் சூ காங் சாலையின் ஒரு பகுதியையே ஆகாயப்படை 1986 முதல் சில தடவை ஓடுபாதையாக மாற்றிப் போர்விமானங்களை இறக்கியிருக்கிறது. விமானத்துக்கு அது நல்லதுதான். மணிக்கட்டுக்கு அவ்வளவு நல்லதில்லை.

மேட்டில் ஏறும்போது நிமிர்ந்து உட்காருகிறோம், சீட்டைவிட்டு எழுந்து மிதிக்கிறோம், கையை மாற்றிப் பிடிக்கிறோம். இறக்கத்தில் மிதிப்பதை நிறுத்தி இடுப்பைப் பின்னால் தள்ளுகிறோம். யாரும் சொல்லாமலே நரம்புக்கு ஓய்வு கிடைத்துவிடுகிறது. தட்டைச் சாலையில் அசையவே காரணம் இல்லை. நிமிடத்துக்கு 85 சுற்று மிதித்தால் ஒரு மணி நேரத்தில் 5,100 சுற்று. அத்தனை நேரமும் கை ஒரே இடத்தில். எதிர்க்காற்று வந்தால் இன்னும் குனிவோம்.

அவர் நம்பாத விஷயம் ஒன்று உண்டு. பெடலை அழுத்தி மிதித்தால் அந்த விசை மேலுடம்பைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும். ஹாயாக மிதித்தால் அந்தப் பாரம் சீட்டுக்கும் கைக்கும் இறங்கிவிடும். அவருக்குப் பிடித்த அந்த மிதப்பில்தான் கைக்கு வேலை அதிகம்.

"நான் திருவாரூர்ப் பக்கம். பள்ளிக்கூடத்துக்குத் தினமும் பன்னிரண்டு கிலோமீட்டர் மிதிச்சவன். அதுவும் தட்டைதான், அப்ப ஏன் வரலை?" என்று மடக்கினார். நல்ல கேள்வி. அந்தச் சைக்கிளின் கைப்பிடி நெஞ்சுக்கு நேரே இருந்தது, பாரம் முழுக்கச் சீட்டில். வாய்க்கால் மதகுக்கு மதகு ஒரு குலுக்கல், ஆட்டுமந்தை வந்தால் ஒரு கால் தரையில், பாதி நேரம் ஒரு கை புத்தகப் பைமேல். ஒரே நிலையில் பத்து நிமிடம் ஓட்டவே அந்த ஊர்ப் பாதை விட்டிருக்காது. அவர் சிரித்துவிட்டு, மதகுகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். அடுத்த நோயாளி வெளியே காத்திருந்தார்.

மறுவாரம் சைக்கிளைக் கொண்டுவரச் சொன்னேன். பார்த்ததுமே பாதி விடை கிடைத்தது. சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருந்தது. பின்பக்கம் வலித்ததால் அவரே சாய்த்திருக்கிறார். அப்படிச் சாய்த்தால் உடம்பு முன்னால் வழுக்கிக்கொண்டே இருக்கும், கைதான் அதைத் தாங்க வேண்டும். கைப்பேசியை மட்டப்பலகைபோல வைத்துச் சீட்டைச் சமமாக்கினோம். கைப்பிடியைச் சற்று உயர்த்தினோம். டயரில் காற்று கல்லாக இருந்தது. குறைத்து, அடுத்த முறை 28 மில்லிமீட்டர் அகல டயர் போடச் சொன்னேன். சாலையின் அதிர்வு கைக்கு வருவது குறையும். பஞ்சு வைத்த கையுறை உதவும்தான், ஆனால் ரொம்பத் தடிமனாக வாங்கினால் இறுக்கிப் பிடிக்கத் தோன்றும், அது வேறு வம்பு. மணிக்கட்டு நேராகவும் முழங்கை இலேசாக மடங்கியும் இருந்தால் போதும். இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை பிடியை மாற்ற வேண்டும், கால் மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து மிதிக்க வேண்டும். நான் விளக்குக் கம்பங்களை எண்ணுவேன்.

இதெல்லாம் பலம் இருக்கும் கைக்கு. பலம் குறைந்த கைக்கு முதல் மருந்து சைக்கிளை நிறுத்துவது. அவரை மருத்துவரிடம் அனுப்பினேன், நரம்பில் மின்னோட்டம் எப்படிப் போகிறது என்ற சோதனையும் நடந்தது. வெறும் அழுத்தம் என்றால் சில வாரங்களில் தெளியும். நரம்பிழையே அடிபட்டிருந்தால் அது ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் வளரும், மாதங்கள் ஆகும்.

நிறுத்தச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. கை இறுக்கிப் பிடிக்கும் வலுவில் மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் கணிசமான பங்கு உண்டு. அமைதியான சாலைதான், ஆனால் பண்ணைக்குப் போகும் லாரி வரும், ராணுவ வண்டி வரும், புதரிலிருந்து நாய் பாயும். அப்போது பிரேக்கை முழுசாகப் பிடிக்க முடியாத கை அங்கே இருக்கக்கூடாது. நியோ தியூ சாலையில் ஒரு திசைக்கு ஒரே தடம். அங்கே இருவர் பக்கம் பக்கமாகப் போக அனுமதி இல்லை. 2022 ஜனவரி முதல் ஒற்றை வரிசையில் ஒரு குழுவுக்கு அதிகபட்சம் ஐந்து பேர். இவருடைய குழுவில் எட்டு பேர், அரட்டைக்காக இரண்டு இரண்டாகப் போவார்களாம். அது என் துறை இல்லை, என்றாலும் சொல்லிவைத்தேன்.

ஆறு வாரம் ஆகிறது. போன செவ்வாய் வந்தபோது மரப்பு சுண்டுவிரல் நுனியோடு நின்றிருந்தது. சாவி திரும்புகிறதாம், பூட்டுக்கு எண்ணெய் போட்டது தான்தான் என்று மனைவி சொல்கிறாராம். தாள் இன்னும் நழுவுகிறது, கட்டைவிரல் மட்டும் முன்பு மாதிரி வளைவதில்லை. "இந்த ஞாயிறு ஒரே ஒரு சுற்று?" என்று கேட்டார். இன்னொரு தாளை எடுத்து நீட்டினேன்.