விரும்பிய செகண்டரி பள்ளி கிடைக்கவில்லையா? இங்கிலாந்துப் பெற்றோருக்கு இருக்கும் வழிகள்

இங்கிலாந்தில் ஆரம்பப் பள்ளியின் கடைசி வகுப்பான இயர் 6 படிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டில் மார்ச் 1 பெரிய நாள். அன்று விடுமுறை என்றால் அடுத்த வேலை நாள். செகண்டரி பள்ளிக்காக (உயர்நிலைப் பள்ளி) அக்டோபர் 31க்குள் கவுன்சிலுக்கு, அதாவது உள்ளாட்சிக்கு, அனுப்பிய விண்ணப்பத்துக்கு அன்றுதான் பதில் வரும். 2024இல் நாடு முழுவதும் 82.9 சதவீதம் பிள்ளைகளுக்கு முதல் விருப்பமாக எழுதிய பள்ளியே கிடைத்தது. லண்டனில் இந்த அளவு எப்போதும் குறைவு. சட்டன், ரெட்பிரிட்ஜ் போன்ற பகுதிகளின் கிராமர் பள்ளிகளுக்கு (நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்க்கும் அரசுப் பள்ளிகள்) நம் பிள்ளைகள் எத்தனை பேர் போட்டியிடுகிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். எழுதிய பள்ளிகளில் ஒன்றுகூடக் கிடைக்காமல், பெயரே கேள்விப்படாத ஒரு பள்ளியைக் கவுன்சில் தந்திருக்கும் வீடுகளுக்காகத்தான் இந்த விளக்கம். இது இங்கிலாந்து விதிகளைப் பற்றியது மட்டுமே. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் நடைமுறை வேறு.

முதல் வேலை: கிடைத்த இடத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். கோபத்தில் பலர் செய்யும் காரியம் "வேண்டாம்" என்று பதில் போடுவது. மறுத்தால் கவுன்சில் பதறிப்போய் நல்ல பள்ளியைத் தேடித் தரும் என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழமாக இருக்கிறது. நடப்பது நேர் எதிர். அந்த இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும். ஓர் இடம் கொடுத்தாயிற்று என்று கவுன்சில் சொல்லிவிட்டால், உடனே இன்னொன்று தேடித் தரவேண்டிய கட்டாயம் அதற்கு இல்லாமல் போகலாம். பிள்ளைக்குக் கல்வி கிடைக்கச் செய்யும் சட்டப் பொறுப்பு பெற்றோருடையது. அதனால் செப்டம்பரில் பள்ளி இல்லாமல் நிற்கப்போவது உங்கள் பிள்ளைதான். ஏற்றுக்கொள்வதால் எந்த இழப்பும் இல்லை: காத்திருப்புப் பட்டியலில் உங்கள் இடம் மாறாது, மேல்முறையீட்டு உரிமையும் அப்படியே இருக்கும். கடிதத்தில் போட்டிருக்கும் தேதிக்குள் பதில் அனுப்பிவிடுங்கள்.

அடுத்தது காத்திருப்புப் பட்டியல். "நாங்கள் முதல் நாளே பெயர் கொடுத்தோம், இன்னும் கூப்பிடவில்லையே" என்று பலர் வருந்துவதுண்டு. இந்தப் பட்டியலில் யார் முதலில் வந்தார் என்பதற்கு மதிப்பே இல்லை. பள்ளியின் சேர்க்கை விதிகள் எந்த வரிசையைச் சொல்கின்றனவோ, அதே வரிசைதான்: அரசுப் பராமரிப்பில் உள்ள, முன்பு இருந்த பிள்ளைகள் முதலில். அப்புறம் அண்ணன் அக்கா அங்கே படிப்பவர்கள், வீட்டுத் தூரம் என்று பள்ளிக்குப் பள்ளி மாறும். பள்ளிக்கு அருகே புதிதாக ஒரு குடும்பம் குடிவந்தால், நேற்று ஐந்தாவதாக இருந்த நீங்கள் இன்று ஆறாவதாகலாம். அது அநியாயம் இல்லை, விதியே அப்படித்தான். நகர்வு பெரும்பாலும் மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் தெரியும், தனியார் பள்ளிக்குப் போகிறவர்களும் வீடு மாறுகிறவர்களும் இடத்தை விடும் நேரம் அது. செப்டம்பர் முதல் வாரத்தில்கூட இடம் திறப்பதுண்டு. இந்தப் பட்டியலைக் குறைந்தது டிசம்பர் 31 வரை வைத்திருக்க வேண்டும் என்பது விதி. விருப்பப் பட்டியலில் மேலே எழுதிய பள்ளிகளில் பெயர் தானாகவே சேருமா, நாம் கேட்க வேண்டுமா என்பது கவுன்சிலுக்குக் கவுன்சில் வேறுபடும். ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். முதலில் எழுதாத பள்ளிக்கும் இப்போது தாமத விண்ணப்பம் போடலாம். எங்கே இடம் காலியாக இருக்கிறது என்று கவுன்சிலைக் கேட்டால் சொல்வார்கள்.

இனி மேல்முறையீடு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். இடம் மறுக்கப்பட்ட ஒவ்வொரு பள்ளிக்கும் தனித்தனியாக மேல்முறையீடு செய்யலாம். கட்டணம் கிடையாது. மறுப்புக் கடிதம் வந்ததிலிருந்து குறைந்தது 20 பள்ளி நாட்கள் அவகாசம் தரப்பட வேண்டும். சனி, ஞாயிறு, பள்ளி விடுமுறை நாட்கள் இந்தக் கணக்கில் வராது. கடைசித் தேதியிலிருந்து 40 பள்ளி நாட்களுக்குள் விசாரணை நடந்தாக வேண்டும். அது நேரிலும் இருக்கலாம், காணொளி வழியாகவும் இருக்கலாம். குறைந்தது 10 பள்ளி நாட்கள் முன்னதாக உங்களுக்குத் தேதி சொல்லிவிட வேண்டும்.

விசாரிப்பது பள்ளி இல்லை. பள்ளிக்கும் கவுன்சிலுக்கும் சம்பந்தமில்லாத மூன்று பேராவது கொண்ட குழு. அவர்களில் கல்வித் துறை அனுபவம் உள்ளவரும் இருப்பார், பள்ளி நிர்வாகத்தில் வேலை பார்த்தே இராத சாதாரணக் குடிமகனும் இருப்பார். குறிப்பெடுக்கவும் சட்டம் சொல்லவும் ஒரு கிளார்க் இருப்பார். ஆங்கிலத்தில் பேசத் தயக்கம் இருந்தால் மொழிபெயர்ப்பாளர் தேவை என்று படிவத்திலேயே எழுதுங்கள். உறவினரையோ நண்பரையோ துணைக்கு அழைத்துப் போகலாம்.

குழு இரண்டு கட்டமாக முடிவெடுக்கும். முதல் கட்டத்தில், சேர்க்கை விதிகள் சட்டப்படி இருந்தனவா, உங்கள் பிள்ளைக்குச் சரியாகப் பின்பற்றப்பட்டனவா என்று பார்ப்பார்கள். வீட்டுத் தூரத்தைத் தவறாக அளந்ததால் இடம் போயிருந்தால் இங்கேயே ஜெயித்துவிடலாம். தவறு எதுவும் இல்லை என்றால், இன்னொரு பிள்ளையைச் சேர்த்தால் மற்றவர்களின் படிப்பு கெடும் என்பதைப் பள்ளி நிரூபிக்க வேண்டும். பள்ளி சார்பில் வருபவர் வகுப்பறை அளவு, தாழ்வார நெரிசல் என்று பேசுவார். அமைதியாகக் கேளுங்கள், பிறகு கேள்வி கேளுங்கள். உதாரணத்துக்கு, ஒரு வருடத்துக்கு இத்தனை பேரைச் சேர்ப்போம் என்று பள்ளி அறிவித்த எண்ணிக்கை 180 என்று வைத்துக்கொள்வோம். "இப்போது இயர் 8இல் எத்தனை பேர்?" என்று கேட்டால் 185 என்று பதில் வரலாம். "அவர்களால் என்ன பாதிப்பு வந்தது?" என்பது அடுத்த கேள்வி. சண்டை தொனி வேண்டாம், இந்தக் கேள்விகளே போதும்.

இரண்டாம் கட்டம் உங்களுடையது. பள்ளியின் சிரமத்தையும் உங்கள் பிள்ளையின் தேவையையும் தராசில் வைப்பார்கள். இங்கேதான் பல மேல்முறையீடுகள் தோற்கின்றன. கிடைத்த பள்ளி மோசம், ஆஃப்ஸ்டெட் (பள்ளிகளை ஆய்வு செய்யும் அரசு அமைப்பு) அறிக்கை சரியில்லை, அங்கே படிப்பவர்கள் சரியில்லை என்று இரண்டு பக்கம் எழுதுகிறோம். குழு கேட்பது வேறு: ஏன் இந்தப் பள்ளிதான் வேண்டும்? "என் மகள் நன்றாகப் படிப்பவள், அவளுக்கு நல்ல பள்ளி வேண்டும்" என்று எழுதினால் எல்லாப் பெற்றோரும் அதையே எழுதியிருப்பார்கள். "மகளுக்குக் காது கேட்பதில் குறைபாடு. இந்தப் பள்ளியில் அதற்கென ஆதரவுப் பிரிவு இருக்கிறது. மருத்துவரின் கடிதம் இணைத்துள்ளேன்" என்றால் குழு நிமிர்ந்து உட்காரும். அம்மாவின் உடல்நிலை, பிள்ளை அனுபவித்த கொடுமைப்படுத்தல், அந்தப் பள்ளி மட்டும் கற்பிக்கும் பாடம், எதுவானாலும் கடிதம் அல்லது சான்று ஒன்று பின்னால் நிற்க வேண்டும். செகண்டரி மேல்முறையீடுகளில் விசாரணைக்கு வருபவற்றில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று வெற்றி பெறுகிறது. முயல்வது நியாயம். ஆனால் கிடைத்தே தீரும் என்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள்.

கிராமர் பள்ளிக்கு லெவன் பிளஸ் நுழைவுத் தேர்வு மதிப்பெண் போதவில்லை என்றால் கதவு இன்னும் குறுகலானது. தேர்வன்று காய்ச்சல் என்று சொன்னால் மட்டும் ஆகாது. பிள்ளைக்கு அந்தத் தரம் உண்டு என்பதற்குப் பள்ளி அறிக்கை, தலைமையாசிரியர் கடிதம் போன்ற சான்று வேண்டும். டியூஷன் மாஸ்டர் எழுதித் தரும் சான்றிதழை அதற்கு ஈடாக நம்பிப் போகாதீர்கள். மதிப்பெண் இருந்தும் இடம் இல்லை என்பவர்களுக்கு மேலே சொன்ன தராசு அப்படியே பொருந்தும்.

பிள்ளைக்கு ஈஎச்சிபி (சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்குக் கவுன்சில் எழுதித் தரும் கல்வி, சுகாதார, பராமரிப்புத் திட்டம்) இருந்தால் இந்தப் பாதையே வேறு. அந்தத் திட்டத்தில் எந்தப் பள்ளியின் பெயர் எழுதப்படுகிறதோ அது பிள்ளையைச் சேர்த்தாக வேண்டும். அதில் குறை என்றால் போக வேண்டியது சிறப்புத் தேவைகளுக்கான தீர்ப்பாயம், இந்தக் குழு இல்லை.

கிடைத்த பள்ளி தூரமா? அதுவே இடம் கிடைக்கக்கூடிய மிக அருகிலுள்ள பொருத்தமான பள்ளியாக இருந்து, நடைதூரம் 3 மைலைத் தாண்டினால் கவுன்சில் இலவசப் போக்குவரத்து தர வேண்டும். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு விதி இன்னும் தளர்வானது: அருகிலுள்ள மூன்று பொருத்தமான பள்ளிகளில் ஒன்றாக இருந்து, 2 மைலுக்கு மேல் 6 மைலுக்குள் என்றாலும் உண்டு. லண்டனில் 11 முதல் 15 வயது வரை ஜிப் ஆய்ஸ்டர் அட்டை இருந்தால் பஸ்ஸிலும் டிராமிலும் காசு இல்லை.

இவ்வளவும் காகித வேலை. வீட்டில் பதினொரு வயதுப் பிள்ளை ஒன்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. கோயிலில், பிறந்தநாள் விழாவில், வாட்ஸ்அப் குழுவில் "எந்த ஸ்கூல் கிடைச்சது?" என்ற கேள்வி வந்துகொண்டே இருக்கும். பிள்ளையின் முன்னால் "அந்த ஸ்கூலா? ஐயோ" என்று ஒரு பெரியவர் சொல்லிவிட்டால் போதும், செப்டம்பரில் தலைகுனிந்துதான் உள்ளே நுழையும். யாராவது கேட்டால் பதில் சொல்லும் பொறுப்பை அம்மாவோ அப்பாவோ எடுத்துக்கொள்ளுங்கள். மேல்முறையீட்டுக் கடிதத்தைப் பிள்ளை காதுபட வாசிக்காதீர்கள்.

கிடைத்த பள்ளியை ஒரு முறை நேரில் போய்ப் பாருங்கள், பள்ளி நடக்கும் நாளில். அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்டால் பெரும்பாலும் நேரம் தருவார்கள். ஆஃப்ஸ்டெட் அறிக்கை இருந்தால் எந்த வருடத்தது என்று பாருங்கள், பழைய அறிக்கையை வைத்து இன்றைய பள்ளியை எடை போட முடியாது. கோடையில் நடக்கும் அறிமுக நாளுக்குப் பிள்ளையைத் தவறாமல் அனுப்புங்கள். மேல்முறையீடு நடந்துகொண்டிருந்தாலும் அனுப்புங்கள், அதனால் வழக்குக்குக் கேடு வராது. அதே பள்ளிக்குப் போகும் ஒரு பிள்ளையையாவது முன்கூட்டியே பழக்கப்படுத்திவிட்டால் முதல் நாள் பயம் பாதியாகும்.

மேல்முறையீடு தோற்றால், அதே கல்வியாண்டில் அதே பள்ளிக்கு மறுபடி செய்ய முடியாது. வீடு மாறியது, நோய் கண்டுபிடிக்கப்பட்டது போன்ற பெரிய மாற்றம் ஏற்பட்டு, அதை வைத்துப் புதிய விண்ணப்பத்தைப் பள்ளி ஏற்றுக்கொண்டால் மட்டும் விதிவிலக்கு. விசாரணை நடந்த முறையிலேயே கோளாறு இருந்தால், கவுன்சில் பராமரிக்கும் பள்ளிகளுக்கு உள்ளாட்சி குறைதீர்ப்பாளரிடமும், அகாடமிகளுக்கு (கவுன்சில் கட்டுப்பாட்டில் இல்லாத, அரசு நிதியில் நடக்கும் பள்ளிகள்) மத்திய அரசின் கல்வித் துறையிடமும் புகார் செய்யலாம். அவர்கள் முடிவை மாற்றித் தரமாட்டார்கள், கோளாறு உண்மை என்றால் புதிய விசாரணை நடக்க வழி செய்யலாம். அதற்கும் வாய்ப்பில்லாதவர்களுக்கு, வருட நடுவில் விண்ணப்பிக்கும் வழி இருக்கிறது. அதற்கு 15 பள்ளி நாட்களுக்குள் பதில் தந்தாக வேண்டும். மறுத்தால், இயர் 8க்கு மீண்டும் ஒரு மேல்முறையீட்டு உரிமை அடுத்த கல்வியாண்டில் பிறக்கும்.