நெளிந்த பம்பர் எளிதில் நிமிர்கிறது, புது வடிவத்துக்கு ஏன் வளைய மறுக்கிறது?

இடிபட்டு உள்வாங்கிய பிளாஸ்டிக் பம்பர் மீது கொதிநீரை ஊற்றி, உட்புறமிருந்து தள்ளினால் பல நேரம் பழைய வடிவம் திரும்பிவிடும். அதே பம்பரின் ஓரத்தை, அகலமான டயருக்கு இடம் விடுவதற்காகச் சற்று வெளியே வளைக்கப் பாருங்கள். சூட்டில் வளையும், கையை எடுத்ததும் பழைய இடத்துக்கே போய்விடும். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்.

பிளாஸ்டிக்கின் மூலக்கூறுகள் மிக நீண்ட சங்கிலிகள். சிக்குப் பிடித்த நூல்கண்டு போல ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. பெரும்பாலான பம்பர்கள் பாலிப்ரொப்பிலீனுடன் ரப்பரும் டால்க் தூளும் கலந்து செய்யப்படுகின்றன. பாலிப்ரொப்பிலீன் சங்கிலிகளில் ஒரு பகுதி ஒழுங்காக மடிந்து நுண்படிகங்களாக இருக்கும். மீதி ஒழுங்கின்றிக் கிடக்கும். படிகங்கள் உருக ஏறத்தாழ 160 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஒழுங்கற்ற பகுதியோ அறை வெப்பத்திலேயே ஓரளவு அசையக்கூடியது.

இடி விழும்போது இந்த ஒழுங்கற்ற சங்கிலிகள் இழுபட்டு, அந்த நிலையிலேயே மாட்டிக்கொள்கின்றன. கொதிநீரின் 100 டிகிரி அவற்றை விடுவிக்கப் போதும். படிகங்களை உருக்கப் போதாது. அச்சில் வார்த்த நாளின் வடிவத்தைப் படிகங்கள் பிடித்துவைத்திருப்பதால், விடுபட்ட சங்கிலிகள் அதை நோக்கியே சுருங்குகின்றன. நெளிவு எடுப்பவருக்குப் பிளாஸ்டிக்கே துணை நிற்கிறது. புது வடிவம் கொடுப்பவரோ அதை எதிர்த்து வேலை செய்ய வேண்டும்: படிகங்களில் ஒரு பகுதியாவது உருகி, புதிய நிலையில் மறுபடி உருவாக வேண்டும். அதற்கான வெப்ப இடைவெளி மிகக் குறுகியது. கொஞ்சம் குறைந்தால் திரும்பிவிடும். கொஞ்சம் கூடினால் பேனல் தொங்கி, மேற்பரப்பின் சொரசொரப்பு வழுவழுப்பாகிவிடும்.

பைக்கின் வெளிப்புற உறைகளான ஃபேரிங்குகளில் அதிகம் பயன்படும் ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக் இந்த விஷயத்தில் இணக்கமானது. அதன் அடிப்படைப் பொருளில் படிகங்கள் இல்லை. சுமார் 105 டிகிரிக்கு மேல் படிப்படியாக இளகும் என்பதால், வளைக்க விரிந்த வெப்ப இடைவெளி கிடைக்கிறது. ஆனால் எந்தப் பிளாஸ்டிக்கானாலும் முழுவதும் ஆறும்வரை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். என்னைக் கேட்டால், சூடாக்குவதைவிட இந்தக் காத்திருப்பே முக்கியம். வெளிப்புறம் ஆறியதும் கையை எடுத்தால், இன்னும் இளகியிருக்கும் உட்புறம் வடிவத்தைக் கலைத்துவிடும்.

சூடான காற்றை ஊதும் ஹீட் கன் பிடிப்பதிலும் இதே சிக்கல் உண்டு. எஃகோடு ஒப்பிட்டால் பிளாஸ்டிக் நூறு மடங்குக்கும் மேல் மெதுவாக வெப்பத்தைக் கடத்துகிறது. ஒரே இடத்தில் காட்டினால் மேற்பரப்பு கருகும்போதும் உள்ளே குளிர்ந்தே இருக்கும். பரவலாக நகர்த்தி, முடிந்தால் பின்புறமிருந்து சூடாக்கி, இடையிடையே நிறுத்தி வெப்பம் உள்ளே இறங்க நேரம் தர வேண்டும். கருகும் ஏபிஎஸ்ஸின் புகை நச்சு. கதவு ஜன்னலைத் திறந்துவைப்பது கட்டாயம்.

கண்ணாடியிழைப் பேனல்களுக்கு இது எதுவும் பொருந்தாது. அவற்றின் பிசினில் சங்கிலிகள் வேதிப்பிணைப்பால் நிரந்தரமாகக் கட்டப்பட்டவை. சூடு அவற்றைக் கருக்குமே தவிர வளைக்காது. 1953இல் வந்த முதல் செவ்ரோலே கார்வெட் காரின் உடல் அந்த வகை. பழுதானால் புதிய இழையும் பிசினும் வைத்துத்தான் கட்ட வேண்டும். எந்த வகை என்பதைப் பேனலின் பின்புறம் பொறித்திருக்கும் எழுத்துகளைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

இனி வெட்டுவது. வேகமாக ஓடும் நுண்பல் ரம்பம் உண்டாக்கும் வெப்பம் வெளியேற வழியின்றி விளிம்பிலேயே தேங்குகிறது. பிளாஸ்டிக் உருகி, பிளேடு கடந்ததும் பின்னால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். பெரிய பல், குறைந்த வேகம் என்பதே இங்கே சரியான வழி.

வெட்டின் உள்மூலைகளில்தான் அதிகக் கவனம் வேண்டும். துளையின் முனை எவ்வளவு கூர்மையோ அவ்வளவுக்கு இழுவிசை அங்கே குவியும் என்று 1913இல் பிரிட்டிஷ் பொறியாளர் இங்லிஸ் கணக்கிட்டுக் காட்டினார். கூர்மூலையோடு வெட்டிய பேனல், வண்டியின் அதிர்வில் அந்த மூலையிலிருந்தே விரிசல் விடும். மூலை வரவேண்டிய இடத்தில் முதலில் வட்டத் துளை போட்டு, வெட்டை அதில் கொண்டுவந்து முடித்தால் விசை பரவிவிடும். ஏற்கெனவே ஓடும் விரிசலின் நுனியில் துளை போட்டு நிறுத்துவதும் இதே கணக்குதான். ரம்பம் விட்ட சிறு கீறல்களும் விரிசலின் தொடக்கமாகலாம் என்பதால், உப்புத்தாளால் விளிம்பைத் தேய்த்து மழுக்க வேண்டும்.

பொருத்தும்போது இடைவெளியையும் மறக்கக்கூடாது. ஒரு மீட்டர் நீள ஏபிஎஸ் பேனல், 40 டிகிரி வெப்பம் ஏறினால் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நீளும். அதே நீள எஃகு அரை மில்லிமீட்டர்தான் நீளும். இதற்கு இடம் விடவே பல பேனல்களில் திருகுத் துளைகள் நீள்வட்டமாக இருக்கின்றன. வெட்டிய பின் புதிதாகப் போடும் துளையையும் பேனல் நீளும் திசையில் நீட்டிப் போட்டு, திருகை இறுக்கி நெரிக்காமல் வாஷரோடு பொருத்த வேண்டும்.