அவலாஞ்ச்னா பனிச்சரிவு, அப்போ ஸ்லாப் அவலாஞ்சுக்கு தமிழ்ல என்ன பேர்?

அவலாஞ்ச் பிரெஞ்சுல இருந்து வந்த சொல். ஆல்ப்ஸ் மலைல சவோய் பக்கத்து ஜனங்க லவான்ஷ்னு சொல்லிட்டு இருந்தது, கீழ இறங்குறதைக் குறிக்கிற அவலே-ங்கற பிரெஞ்சு வினையோட சேர்ந்து அவலான்ஷ் ஆயிடுச்சு. ஊட்டி பக்கத்துல இருக்குற அவலாஞ்சிக்கும் இதே பேர்தான், ஆனா அங்க சரிஞ்சது மண்ணு, 1800கள் ஆரம்பத்துல நடந்த பெரிய நிலச்சரிவால வந்த பேர் அது.

தமிழ்ல பனிச்சரிவு. 2016 பிப்ரவரில சியாச்சின்ல 19வது மெட்ராஸ் ரெஜிமென்ட்காரங்க 10 பேர் புதைஞ்சாங்க, அதுல தமிழ்நாட்டு ஆளுங்களும் உண்டு, அப்போதான் இந்த சொல் வீட்டுக்கு வீடு கேட்டுச்சு. சில பேர் பனிப்புயல்னு எழுதுறாங்க, அது தப்பு, புயல்னா காத்து.

ஆனா பனில சறுக்கி விளையாட ஸ்கீ போறவங்களை அதிகமா கொல்றது ஸ்லாப் அவலாஞ்ச், அதுக்கு தனிப்பேர் கண்டிப்பா வேணும். பழைய பனில ஒரு அடுக்கு சீனி மாதிரி ஒட்டாம பொலபொலன்னு கிடக்கும், அதுக்கு மேல காத்து கொண்டாந்து அடிச்ச பனி கெட்டியா இறுகிடும், மேல இருந்து பாத்தா எதுவும் தெரியாது, காஷ்மீர் குல்மார்க்ல இருக்குற அஃபர்வாட் மாதிரி மலைல ஒருத்தர் 30-ல இருந்து 45 டிகிரி சரிவுல கால வச்சதும் அடில இருக்குற அந்த அடுக்கு நொறுங்கி, "வூம்ப்"னு ஒரு சத்தம், பனில விரிசல் ஓடும், மேல இறுகிக் கிடந்த பனி மொத்தமும் ஒரே நேரத்துல கிளம்பிடும். உயிர் போற விபத்துல 10க்கு 9 இப்படி மாட்டினவரோ கூட வந்தவரோ கிளப்பி விட்டதுதான். புதைஞ்சவரை கால் மணி நேரத்துக்குள்ள எடுக்கலேன்னா பிழைக்கிற வாய்ப்பு சடசடன்னு குறையும், அதனாலதான் ஆளாளுக்கு புதைஞ்ச இடத்தைக் கண்டுபிடிக்க சிக்னல் கருவி, குத்திப் பாக்குற நீளக் கம்பி, மண்வெட்டி மூணும் கையில இருக்கணும்ங்கறாங்க, வெளிய இருந்து உதவி வர்றதுக்குள்ள நேரம் முடிஞ்சிடும்.

ஸ்லாப்னா தட்டையான கெட்டித் துண்டு, அதனால இதுக்கு நான் சொல்றது பாளச் சரிவு. நிலம் பாளம் பாளமா வெடிச்சிருக்குன்னு சொல்றோமே அதே பாளம், உடைஞ்சு கிளம்புற விதமும் அப்படியே அதுல இருக்கு. பலகைச் சரிவுன்னும் வைக்கலாம், எனக்கென்னவோ பலகைல அந்த வெடிப்பு வரல. இன்னொரு வகை, ஒரே புள்ளில ஆரம்பிச்சு கீழ போகப்போக விரியிற லூஸ் ஸ்னோ அவலாஞ்ச், அதுக்கு உதிரிப்பனிச் சரிவு போதும், உதிரிப்பூ தெரிஞ்சவங்களுக்கு விளக்கமே வேண்டாம்.