கார் தரும் எச்சரிக்கையும் சாரதியின் காதும்

ஜப்பானில் ஓடிவிட்டு இங்கே வந்த கார்களில் பலவற்றை ஸ்டார்ட் செய்ததும் ஒரு பெண் குரல் ஜப்பானிய மொழியில் பேசும். ‘ஈடிசி கார்ட் போடவில்லை’ என்கிறது அது. ஈடிசி என்பது வீதிக் கட்டணத்தைத் தானாகவே அறவிடும் முறை. அந்நாட்டு நெடுஞ்சாலைகளில் கட்டணச் சாவடிக் கருவியும் காரும் 5.8 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையில் பேசிக்கொள்ளும். வண்டி நிற்காமலே கட்டணம் கழிந்துவிடும். திருகோணமலையில் அந்தச் சாவடி கிடையாது. அதனால் தினமும் கேட்கும் குரலை யாரும் காதில் வாங்குவதில்லை.

ஒன்றோடொன்று பேசும் வாகனங்களுக்கும் இதே சிக்கல் உண்டு. அத்தகைய கார் தன் இடம், வேகம், திசை, பிரேக் நிலை எல்லாவற்றையும் விநாடிக்கு 10 தடவை வரை சுற்றிலும் அறிவிக்கும். சில நூறு மீட்டர் தூரம் அது எட்டும். முன்னால் பஸ் மறைத்தாலும், அதற்கு அப்பால் ஒருவர் திடீரென்று பிரேக் அடித்தது உங்கள் காருக்குத் தெரிந்துவிடும். கந்தளாய்ப் பக்கம் ஏ6 வீதியில் 70 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஒரு விநாடியில் 19 மீட்டர் கடந்துவிடுகிறோம். ஆகவே 2 விநாடி முந்திய எச்சரிக்கை 38 மீட்டர் தரும். உயிர் தப்ப அது போதுமாகலாம்.

ஆனால் கால் பிரேக்குக்குப் போக வேண்டுமே! எச்சரிக்கை சீக்கிரமே வந்தால் பாதி வீணாகத் தெரியும். நாளடைவில் சாரதி அசட்டை செய்வார், அல்லது நிறுத்தியே வைப்பார். பிந்தி வந்தால் பயனில்லை.

அளவுக்கு மீறி நம்புவது இன்னும் ஆபத்து. 1980களில் ஜெர்மனியின் மியூனிக்கில், சக்கரம் இறுகி வழுக்காமல் தடுக்கும் ஏபிஎஸ் பிரேக் பொருத்திய டாக்சிகளையும் பொருத்தாதவற்றையும் ஒப்பிட்டார்கள். விபத்துகள் பெரிதாகக் குறையவில்லை. நல்ல பிரேக் இருக்கிறது என்ற தைரியத்தில் சாரதிகள் வளைவுகளை வேகமாக எடுத்தார்கள், முன் வண்டியை நெருங்கி ஓடினார்கள்.

பேசும் கார் மௌனமாக இருந்தால் ‘வழி காலி’ என்று மனம் பழகிவிடும். நம் வீதியில் அந்தப் பழக்கம் செல்லாது. சைக்கிளும் பழைய ஆட்டோவும் எதையும் அறிவிக்கப் போவதில்லை. இரவில் தாரில் படுத்திருக்கும் மாடு, நகருக்குள் திரியும் புள்ளிமான், ஹபரணைப் பக்கம் வீதி கடக்கும் யானை, இவையும்தான். அதனால் இங்கே காரைவிட வீதிக்குத்தான் முதலில் கண் வேண்டும் என்பேன். ஓரத்துக் கம்பத்திலுள்ள கமராவும் ராடாரும் யானையைக் கண்டு, அதன் சார்பில் வரும் கார்களுக்கு அறிவிக்க முடியும். இதற்கான செய்தி வடிவத்தை ஐரோப்பாவில் ஏற்கெனவே வகுத்துவிட்டார்கள்.