மாநாட்டு மேடைக்கு முன்னால் தோட்டத்து மண்டபம்

தோட்டப்புற மக்களின் உடல்நலத்தைப் பற்றி ஆய்வு செய்து அதை மாநாட்டில் படைக்கப் போகிறவர்கள், ஆய்வுச் சுருக்கத்தை அனுப்புவதற்கு முன்பே அதன் முடிவுகளை அந்த மக்களிடம் தமிழில் எடுத்துச் சொல்லி, அவர்கள் கூறும் மறுமொழியையும் கேட்டுக்கொண்டு போக வேண்டும் என்று வேண்டிக்கொள்ளவே இதை எழுதுகிறேன். மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் பெஸ்தாரி ஜெயாவைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களிலும், தோட்ட வேலையை விட்டு வந்தவர்கள் குடியேறிய மலிவு விலை வீடமைப்புப் பகுதிகளிலும் சமூகச் சுகாதார மருத்துவராகப் பணியாற்றி வருகிறேன். மூத்தவர்கள் இன்றும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே அழைக்கும் இந்த ஊருக்குக் கேள்வித்தாளோடு வருகிறவர்களுக்குக் குறைவில்லை. என்ன கண்டறிந்தோம் என்பதைத் திரும்பி வந்து சொன்னவர்கள்தாம் மிகக் குறைவு.

மரியாதைக்காக மட்டும் செய்ய வேண்டிய காரியமாக இதை எண்ணக் கூடாது. ஆய்வு சரியாக அமைவதற்கே இது தேவைப்படுகிறது. இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவர்களில் பலர், கிளினிக்கில் குறித்துக் கொடுத்த நாளில் இரத்தப் பரிசோதனைக்கு வருவதில்லை என்ற செய்தியை ஒரு தோட்டத்து மாரியம்மன் கோவில் மண்டபத்தில், வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து உட்கார்ந்திருந்தவர்களிடம் எடுத்துச் சொன்னோம். அவர்களுக்கு நோயைப் பற்றிய அக்கறை போதாது என்பதே இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். உரம் போடும் வேலை செய்யும் ஓர் அம்மா எழுந்து, “டாக்டர், வெறும் வயித்துல ரத்தம் எடுக்கணும்னு சொல்றாங்க. விடியறதுக்கு முன்ன நான் பெரட்டுக்கு (வேலைக்குப் பேர் பதியும் இடத்துக்கு) போகணும். கிளினிக்குல நம்பர் எடுத்து உக்காந்தா பத்து மணி ஆயிடுது. அதுவரைக்கும் சாப்பிடாம இருந்தா கை கால் நடுங்குது. அன்னிக்கு வேலையும் போச்சு, சம்பளமும் போச்சு” என்றார்.

கேள்வித்தாளில் ‘வந்தேன்’, ‘வரவில்லை’ என்ற இரண்டு கட்டங்கள் மட்டுமே இருந்தால் இந்த விவரம் எங்கும் பதிவாகாது. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் 1 ரிங்கிட்தான் என்பதால், பணம் ஒரு தடையில்லை என்று பலர் எளிதாக முடிவு செய்துவிடுகிறார்கள். 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளமான 1,700 ரிங்கிட்டை 26 வேலை நாளுக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு 65 ரிங்கிட் சொச்சம் வருகிறது. நாள் சம்பளத்தில் இருப்பவருக்கு அந்த ஒரு காலைப் பொழுதின் உண்மையான செலவு அதுதான். மூன்று மாதச் சர்க்கரை நிலையைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை. வேலை முடிந்து பிற்பகலில் வருகிறவருக்கும் அதைச் செய்ய முடியும். ஆகவே மாநாட்டில் எழுப்ப வேண்டிய கேள்வி நோயாளியின் அக்கறையைப் பற்றியதன்று, கிளினிக்கின் நேரத்தைப் பற்றியது. இந்தத் திருப்பம் எந்தப் புள்ளியியல் மென்பொருளிலிருந்தும் வந்திருக்காது.

மலேசிய இந்தியர்களின் உடல்நலத்தைப் பற்றிய படைப்புகளில் பெரும்பாலும் முதலில் காட்டப்படுவது 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார, நோயுற்ற நிலை ஆய்வின் எண்கள். 18 வயதுக்கு மேற்பட்ட மலேசியர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது; இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. எண்கள் சரியானவை, அவற்றை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அடுத்த படத்தில் உடனே உணவுப் பழக்கத்துக்கும் மரபணுவுக்கும் தாவிவிட்டால், இனமே நோய்க்குக் காரணம் என்ற எண்ணத்தோடு அவையோர் கலைந்து செல்வார்கள். மைக்கேல் மார்மோட் தலைமையில் உலகச் சுகாதார நிறுவனம் அமைத்த ஆணையம் 2008ஆம் ஆண்டு அறிக்கையில், மக்கள் பிறந்து வளர்ந்து வேலை செய்து முதுமையடையும் சூழலே உடல்நல ஏற்றத்தாழ்வுகளைப் பெரிதும் உருவாக்குகிறது என்று தெளிவாகக் கூறியது. சமூக நீதி என்ற தலைப்பில் பேச மேடையேறுகிறவர் இன வாரியான எண்களை வருமானம், வேலை நேரம், வீடு, போக்குவரத்து வாரியாகவும் பிரித்துக் காட்டியே ஆக வேண்டும். அந்தத் தரவைச் சேகரிக்கவில்லை என்றால், அதையும் மேடையிலேயே சொல்ல வேண்டும்.

தோட்ட மக்களின் உடலை அளந்து எழுதும் வழக்கம் இங்கே புதிதன்று. 1901இல் கிள்ளானுக்கு மாவட்ட மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், மலேரியாவைக் கட்டுப்படுத்தச் சதுப்பு நிலத்து நீரை வடியச் செய்தபோது, தோட்டத்துக் குழந்தைகளின் வயிற்றைத் தொட்டு, மண்ணீரல் வீங்கியவர்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுத்தார். அந்த வேலை பல உயிர்களைக் காத்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அறிக்கைகள் அரசாங்கத்துக்கும் தோட்ட நிர்வாகங்களுக்கும் மருத்துவர்களுக்கும் எழுதப்பட்டவை. கணக்கெடுக்கப்பட்ட குழந்தைகளின் பெற்றோர் அவற்றின் வாசகர்களாகக் கருதப்படவில்லை.

இதற்கு மாறான ஒரு முயற்சியும் நம் நாட்டிலேயே உண்டு. தோட்டங்களில் மருந்து அடிக்கும் பெண்களிடம் பெண் தொழிலாளர்களின் உரிமைக்காகப் பாடுபடும் தெனாகானித்தா அமைப்பு, பூச்சிக்கொல்லிகளுக்கு எதிரான ஆசிய பசிபிக் வலையமைப்புடன் சேர்ந்து நடத்திய ஆய்வு 2002இல் வெளிவந்தது. களைக்கொல்லித் தோம்பை முதுகில் சுமந்த பெண்களின் வாக்குமூலங்களே அதற்கு அடித்தளமாக இருந்தன. அதே ஆண்டில் பாராகுவாட் களைக்கொல்லியைப் படிப்படியாக நிறுத்த அரசாங்கம் முடிவெடுத்தது. 2006இல் அந்தத் தடை தளர்த்தப்பட்டது. முழுத் தடை 2020 ஜனவரி 1ஆம் தேதிதான் நடப்புக்கு வந்தது. ஓர் ஆய்வு மட்டுமே இதைச் சாதித்தது என்று கூற முடியாது. எனினும், பாதிக்கப்பட்டவர்களே சாட்சி சொன்ன ஆய்வை எளிதில் ஒதுக்கிவிட முடியாது என்பதால்தான் இதை நினைவூட்டுகிறேன்.

நான் மிகவும் கவலைப்படுவது அடையாளப் பாதுகாப்பைப் பற்றித்தான். நாற்பது ஐம்பது வீடுகள் உள்ள ஒரு லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்), பெயரை நீக்கிவிட்டால் ஆளும் மறைந்துவிடுவார் என்று நினைப்பது ஆபத்து. ஐம்பது வயதைத் தாண்டிய, கணவரை இழந்த, ஒரு கால் எடுக்கப்பட்ட பெண் என்று மாநாட்டில் ஆய்வைக் காட்டும் சுவரொட்டியில் எழுதினால், அந்தத் தோட்டத்தில் உள்ள எல்லாருக்கும் அது யாரென்று தெரியும். அட்டவணையில் ஐந்துக்கும் குறைவான எண் வரும் கட்டங்களைப் பக்கத்துக் கட்டத்தோடு சேர்த்துவிடலாம், வயதை ஐந்தாண்டு அல்லது பத்தாண்டுப் பிரிவுகளாகக் காட்டலாம், வீடுகளைப் புள்ளியிட்ட வரைபடத்தைத் தவிர்த்துவிடலாம். அடையாள அட்டை இல்லாதவர்கள், குத்தகைத் தொழிலாளர்கள், நிர்வாகத்தின் மீது குறை சொன்னவர்கள் ஆகியோரின் வாய்மொழியை மேற்கோள் காட்டும்போது இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். மாநாட்டு அரங்கில் யாரும் அவர்களைத் தேடமாட்டார்கள், ஆனால் கைப்பேசியில் எடுக்கப்பட்ட சுவரொட்டியின் படம் மறுநாளே தோட்டத்து ஆபீசுக்கு வந்து சேரக்கூடும். பேட்டிக்குத் தந்த சம்மதம் புகைப்படத்துக்குத் தந்த சம்மதம் ஆகாது. உள்ளே நுழைய அனுமதி தந்த நிர்வாகம், முடிவுகளைத் தனக்கு முதலில் காட்ட வேண்டும் என்று கேட்பதும் உண்டு. தொகுத்த முடிவுகளை அவர்களுக்குத் தரலாம். தனிமனித விவரங்களை ஒருபோதும் தரக்கூடாது. இதைத் தொடக்கத்திலேயே எழுத்தில் தீர்த்துக்கொள்வது நல்லது.

சில நேரங்களில் மக்களே, “எங்க தோட்டத்துப் பேரைப் போடுங்க, அப்பத்தான் தண்ணிக் குழாயைச் செஞ்சி குடுப்பாங்க” என்கிறார்கள். அந்த விருப்பமும் மதிக்கத்தக்கதே. பெயரை வெளியிட்டால் என்ன நன்மை, யாருக்கு என்ன இடையூறு வரலாம் என்பதைப் பேசி, அவர்களே முடிவு செய்ய வேண்டிய விஷயம் அது.

சுகாதார அமைச்சின் மருத்துவமனை, கிளினிக்குகளில் ஆய்வு செய்ய தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்து, அமைச்சின் மருத்துவ ஆய்வு, நெறிமுறைக் குழுவின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்பதை இத்துறையினர் அறிவர். அந்த ஒப்புதல் கிடைத்ததுமே கடமை தீர்ந்ததாகப் பலர் கருதுகிறார்கள். மனிதர்களிடம் செய்யும் மருத்துவ ஆய்வுக்கு உலக மருத்துவச் சங்கம் வகுத்த நெறிமுறையான, 1964இல் உருவான ஹெல்சிங்கி பிரகடனத்தின் 2013ஆம் ஆண்டுத் திருத்தமோ, ஆய்வின் பொதுவான முடிவுகளை அறிந்துகொள்ளும் வாய்ப்பைப் பங்கேற்றவர்கள் அனைவருக்கும் தர வேண்டும் என்கிறது. 2024ஆம் ஆண்டுத் திருத்தம், ஆய்வுக்கு முன்னும் ஆய்வின்போதும் ஆய்வுக்குப் பின்னும் சமூகத்தை ஈடுபடுத்த வேண்டும் என்று மேலும் ஒரு படி செல்கிறது. தென்னாப்பிரிக்காவின் சான் பழங்குடியினர் 2017இல் தங்களுக்கென்று ஓர் ஆய்வு நெறிமுறையையே வகுத்து, ஆய்வுத் திட்டம் முதல் வெளியீடு வரை தங்கள் சமூகத்தின் நடைமுறையைப் பின்பற்ற வேண்டும் என்று ஆய்வாளர்களிடம் கேட்டார்கள்.

மாநாட்டில் கிடைக்கும் பத்து நிமிடத்தில் இரண்டு நிமிடத்தையாவது தோட்டத்திலிருந்து வந்த ஒருவர் தமிழிலோ மலாயிலோ பேசுவதற்கு ஒதுக்கலாம். அதற்கு அவருடைய பதிவுக் கட்டணம், போக்குவரத்து, இழக்கும் நாள் சம்பளம், தேவைப்பட்டால் மொழிபெயர்ப்பாளர் ஆகிய செலவுகளை ஆய்வு நிதிக்கு விண்ணப்பிக்கும்போதே எழுதிவிட வேண்டும். பிறகு கேட்டால் எந்த நிதியிலும் இடம் இருக்காது. ஆய்வுச் சுருக்கத்துக்கான கடைசி நாள் மாநாட்டுக்குப் பல மாதங்கள் முன்னதாகவே வந்துவிடுவதால், தோட்டத்து மண்டபக் கூட்டத்துக்கான நாளை அதற்கும் முன்பாகக் குறித்துவிட வேண்டும்: தீபாவளி, தைப்பூசம், தோட்டத்துக் கோவில் திருவிழா வரும் வாரங்களைத் தவிர்த்து, சம்பள நாளுக்கு அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை மாலையில் வைத்தால் ஆண்களும் பெண்களும் ஓரளவு சமமாக வந்து உட்காருகிறார்கள்.